பால்வண்டியின் ஜாக்கிக்காரர்

திருமணப் பேச்சு நடந்தபோது, மாப்பிள்ளை பந்தயத்தில் 'ஜாக்கி'யாக இருக்கிறார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பெண்ணின் தகப்பனார் அதைக் குதிரைப் பந்தயம் என்றே எடுத்துக்கொண்டார். நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்த ஆளின் உயரத்தையும், நாற்காலியை நிறைத்து உட்கார்ந்த தோள்களையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குதிரை தாங்குதா தம்பி?" என்று கேட்டார்.

"குதிரை இல்லீங்க, கார். டயர் மாத்தறப்போ வண்டிக்கு அடியில கொடுத்துத் தூக்குவாங்க இல்லீங்களா, அந்த ஜாக்கி."

"சரி, தூக்கிட்டு?"

"மாத்தி முடிச்சதும் இறக்கிடுவேன்."

"அவ்வளவுதானா வேலை?"

"அவ்வளவுதாங்க."

உள்ளறையில் இருந்த பெண் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாளாம். குதிரையைக் கொல்லாத மனிதர் என்பது தெரிந்ததும் சம்மதம் சொல்லிவிட்டதாகப் பின்னாளில் அவளே சொல்லிக் காட்டுவாள். அவர் வேலை பார்த்த பந்தய அணியைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் அன்று தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் அதிகமாகச் சிரித்திருப்பார்கள்.

இன்று ஊர் உலகம் அறிந்த அந்த அணி, ஒரு லாரிப் பட்டறையில் பிறந்தது. முதலாளிக்குப் பட்டறையை விடப் பந்தயத்தில் பித்து அதிகம். விபத்தில் நசுங்கிக் கிடந்த கார் ஒன்றைத் தட்டி நிமிர்த்தி, லாரி எஞ்சின் பாகங்களைப் பொருத்தி, அதைப் பந்தய வண்டி என்று அழைத்தார். அப்போது பட்டறைக்குப் பால்பண்ணையின் வண்டிகளுக்கு வண்ணம் பூசும் ஒப்பந்தம் இருந்தது. அதில் மீந்த வண்ணத்தைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லாததால் பந்தய வண்டியும் வெளிர்மஞ்சள் உடம்பும் நீலப் பட்டையுமாக வெளியே வந்தது. முதல் நாள் ஓடுதளத்தில் அது நுழைந்ததும், வேலிக்கு வெளியே நின்ற ஒருவன், "பால் வந்துடுச்சு, பாத்திரம் எடுத்துட்டு வாங்க" என்று குரல் கொடுத்தான். அன்று ஒட்டிய பெயர் கழுவினாலும் போகவில்லை. அணிக்கு முறையாகப் பதிவு செய்த பெயர் ஒன்று உண்டு. அதை இன்று பட்டறைச் சுவரில் தேடித்தான் படிக்க வேண்டும். முதலாளியும் கெட்டிக்காரர். அடுத்த பந்தயத்திற்கு வண்டியின் மூக்கில் ஒரு பால்கேனை வரையச் சொல்லிவிட்டார்.

அவர் நோயில் விழுந்து மறைந்தபோது, அணிக்கும் மூடுவிழாதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதுவரை உதிரிப்பாக அறையின் சாவியை வைத்திருந்த முதலாளியம்மா வெளியே வந்து, ஓடுதள ஓரத்தில் வண்டிக்கு டயர் மாற்றும் ஷெட்டில் நின்று ஒரு பந்தயம் முழுவதையும் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் பார்த்தார். மறுநாள் ஆட்களைக் கூப்பிட்டார்.

"வண்டி ரோட்டுல சம்பாதிக்கிறதை எல்லாம் நீங்க ஷெட்டுல நின்னு செலவழிக்கிறீங்க" என்றார். "டயர் மாத்துறதுக்குள்ள எதிராளி வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வந்துடுவான் போல."

அன்றிலிருந்து மாலை தோறும், பட்டறைக் கதவைச் சாத்தும் முன், முற்றத்தில் சக்கரம் மாற்றும் பயிற்சி நடந்தது. லாரி எஞ்சின்களைச் சுமந்து இறக்கிக்கொண்டிருந்த வாட்டசாட்டமான ஜாக்கிக்காரர் முன் ஜாக்கிக்கு வந்தது அப்படித்தான். நீண்ட பிடி கொண்ட அந்த ஜாக்கியை வண்டியின் மூக்குக்கு அடியில் செலுத்தி, ஒரே அழுத்தில் அவர் தூக்கிவிடுவார். அதன் பிறகு அவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. குனிந்த முதுகும், முகத்துக்கு நேரே பால்கேன் படமும்தான். பின்சக்கரங்களில் என்ன நடக்கிறது என்பதைக் காதால்தான் அறிய வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் ஆட்கள் கை தூக்கியதைப் பார்த்தபின், பட்டறையின் மேஸ்திரி தன் கரகரத்த குரலில் "விடு" என்பார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் இவர் பிடியை இழுத்து ஜாக்கியோடு ஓரம் விலகுவார். இவரைப் பார்த்துப் பின் ஜாக்கியும் இறங்கும். வண்டி தரையில் விழும் அதிர்ச்சியே ஓட்டுநருக்குப் புறப்படும் அடையாளம்.

இந்த ஏற்பாட்டில் எந்தக் குறையும் பல ஆண்டுகளுக்கு யார் கண்ணிலும் படவில்லை. பால்வண்டி வென்ற கோப்பைகளில் பாதி முற்றத்தில் வென்றவை என்று மற்ற அணிகளே பேசத் தொடங்கின.

அந்தக் காலத்தில்தான் ஜாக்கிக்காரரின் மனைவிக்குத் தம்பியான மைத்துனன் அணிக்குள் வந்தான். அக்காள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவன், பட்டறையைப் பார்க்கப் போய், பழுது நீக்கிய லாரி ஒன்றை ஓட்டிக் காட்டினான். முதலாளியம்மா அந்த லாரி திரும்பிய விதத்தைப் பார்த்துவிட்டு, அவனை ஊருக்கு அனுப்பவில்லை. அக்காள் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் கணவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்க அங்கதானே இருப்பீங்க?"

"நான் இல்லாம வண்டி எங்க போகும்?"

"அப்ப சரி. போன மாதிரியே திரும்பி வரணும். அது உங்க பொறுப்பு. எங்கப்பாகிட்ட நான் பதில் சொல்ல மாட்டேன், நீங்கதான் சொல்லணும்."

அவரும் தலையாட்டிவிட்டார்.

ஒரு பந்தயத்தில் மைத்துனன் மூன்றாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தான். சக்கரம் மாற்ற உள்ளே வந்து நின்றான். ஜாக்கிக்காரர் தூக்கினார். இடப்பக்கப் பின்சக்கரத்தில் இருந்தவன் மெல்லிய குரலுக்காகக் 'கீச்சு' என்று பெயர் வாங்கியவன். காற்றழுத்தத்தில் நட்டை முடுக்கும் கருவிக்குப் பட்டறையில் 'கன்' என்று பெயர். கீச்சின் கூட்டாளி புதுச் சக்கரத்தை ஏற்றி, நட்டைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கன்னை வைத்தான். அது மக்கர் செய்தது. அவன் அதைத் தட்டினான், உலுக்கினான்.

"அதை விடு, வேற கன் எடு" என்றான் கீச்சு.

எஞ்சின் இரைச்சலில் முன்னும் பின்னும் கரைந்துபோய், நடுவில் இருந்த ஒரு சொல் மட்டும் ஜாக்கிக்காரரின் காதுக்கு வந்து சேர்ந்தது. ஆண்டுக்கணக்கில் பழகிய கை, மூளையைக் கேட்காமலே பிடியை இழுத்தது. வண்டி விழுந்தது, பறந்தது. திரும்பிப் பார்த்தபோது, கீச்சு, கூட்டாளி நீட்டிய புதுக் கன்னைக் கையில் பிடித்தபடி, சக்கரம் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு மண்டியிட்டிருந்தான். மேஸ்திரியின் வாய் இன்னும் திறக்கவே இல்லை.

"நட்டு?" என்றார் ஜாக்கிக்காரர்.

"கையால சுத்தினதோட நிக்குது அண்ணே."

வண்டியில் பேசும் கருவி எதுவும் இல்லாத காலம் அது. ஓடுதளத்தின் மறுகோடியில், மேட்டைத் தாண்டி ஒரு இறக்கம். அதன் அடியில் முழு வேகத்தில் திரும்ப வேண்டிய வளைவு. கையால் சுற்றிய நட்டு அதுவரை தாங்காது என்பது அங்கே நின்ற அனைவருக்கும் தெரியும். கொடி காட்டுபவரிடம் சொல்ல மேஸ்திரி ஓடினார். முதலாளியம்மா எழுந்து நின்றார். ஜாக்கிக்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டு மேட்டையே பார்த்தார். சிவப்பு வண்டி வந்தது. பச்சை வண்டி வந்தது. பின்னால் ஓடிக்கொண்டிருந்தவையும் ஒவ்வொன்றாக வந்தன. வெளிர்மஞ்சள் வரவில்லை. ஒலிபெருக்கி, "பால்வண்டியைக் காணோம்" என்றது. உடனே முதலிடத்துக்கு நடந்த போட்டியைப் பற்றிப் பேசப் போய்விட்டது. வீட்டில் வானொலியிலும் இதே குரல்தான் கேட்கும் என்பதும் அவருக்குத் தோன்றியது. மாமனாரின் முகம் நினைவுக்கு வந்தது. அவரிடம் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தைக் கூட்டிப் பார்த்தார். எழுவாய் கிடைத்தது, பயனிலை கிடைக்கவில்லை.

அப்போது ஷெட்டுகளின் பின்புறமிருந்து ஏதோ உருண்டு வரும் ஓசை கேட்டது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் மேட்டின் மேலேயே இருந்தது. ஓசை நெருங்கி வந்து நின்றது.

"மாமா, இது உங்க சாமான்தானே?"

மைத்துனன் நின்றுகொண்டிருந்தான். தலைக்கவசம் கக்கத்தில் இருந்தது. மறுகையால் ஒரு பந்தயச் சக்கரத்தை, விளையாட்டு வளையத்தைத் தட்டிக்கொண்டு வருவது போல உருட்டி வந்திருந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

ஜாக்கிக்காரர் அவன் தோளைத் தொட்டார், கையைத் தொட்டார், காதைக்கூடத் தொட்டுப் பார்த்தார். பிறகு அந்தச் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எப்படிடா?" என்றார் மேஸ்திரி.

"வெளியே போனதும்தான் உறைச்சுது. தினமும் விடுன்னு சொல்ற குரல் தகரத்தை இழுக்கற மாதிரி இருக்கும். இது கீச்சுன்னு இருந்துச்சு. கீச்சண்ணன் எதுக்கு நம்மளை விடச் சொல்றாருன்னு யோசிச்சேன். ஏதோ கோளாறுன்னு ஓரமாவே போனேன். மேடு ஏறறதுக்கு முன்னாடி பின்னால ஆட்டம் தெரிஞ்சுது. புல்லுல ஏத்தி நிறுத்திட்டேன். இறங்கிப் பாத்தா, நான் தொட்டதும் சக்கரம் என் கையோட வந்துடுச்சு."

"என் குரல் தகரம் மாதிரியா இருக்கு?" என்றார் மேஸ்திரி. ஆனால் அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

ஓடுதள அலுவலகத்திலிருந்து, ஜாக்கிக்காரர் வீட்டுக்குக் கீழே இருந்த தையல் கடைக்குத் தொலைபேசியில் பேசி, அவர் மனைவியைக் கூப்பிடச் சொன்னார்கள். ஜாக்கிக்காரர் ரிசீவரை நீட்டிவிட, மைத்துனனே பேசினான்.

"அக்கா, நான்தான்."

"மாமா எங்க?"

"பக்கத்துலதான் நிக்கிறாரு."

"அழறாரா?"

"ஆமா."

"அழட்டும். நீ சாப்பிட்டியா?"

வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் தம்பியைச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு கணவனைக் கேட்டாள். "யாரு வண்டியை இறக்கினது?"

"நான்தான்."

"யாரு சொல்லி?"

நடந்ததை அவர் ஒளிக்காமல் சொன்னார். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ திகைத்துப்போய்ப் பார்த்தாள்.

"இத்தனை வார்த்தை இருக்கறப்போ உங்களுக்கு இதுதான் கிடைச்சுதா? இந்த வீட்லயே நான் ஒரு நாளைக்கு எத்தனை 'விடு' சொல்றேன். பேச்சை விடுங்க, கதவை விடுங்க, போகட்டும் விடுங்க. நல்லவேளை, நான் உங்க ஷெட்டுல வேலைக்கு இல்ல. வேற வார்த்தை வைக்கிற வரைக்கும் இவன் அந்த வண்டியில ஏற மாட்டான். போய்ச் சொல்லுங்க."

சொன்னார். முதலாளியம்மா மறுப்புச் சொல்லவில்லை. அன்றைய வேலையை நிறுத்தி எல்லோரையும் முற்றத்தில் கூட்டினார்.

"போ?" என்றார் மேஸ்திரி.

"'போ'ங்கற வார்த்தை இல்லாம நீ என்னைக்காவது பேசியிருக்கியா?" என்றார் முதலாளியம்மா.

"இறக்கு?" என்றான் இன்னொருவன்.

அதே நேரத்தில் வாசலில் நின்ற லாரியிலிருந்து ஒருவர், "மெதுவா இறக்கு, மெதுவா இறக்கு" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் கழிந்தது. 'ரைட்' என்றால் பின்னோக்கி வரும் ஒவ்வொரு லாரிக்கும் அதுதான் சொல். 'ஆச்சு' என்றால், ஒவ்வொரு நட்டை முடுக்கியதும் ஒவ்வொருவரும் சொல்வது. 'சரி' என்று சொன்னவனைப் பார்த்து எல்லோரும் சிரித்தே விட்டார்கள்.

நடந்ததிலிருந்து தலைநிமிராமல் ஓரமாக இருந்த கீச்சு வாயைத் திறந்தான். "நாம யாருமே சொல்லாத வார்த்தைதானேம்மா வேணும்? ஒட்டகம்."

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓடற பந்தயத்துல நின்னுக்கிட்டு நான் ஒட்டகம்னு கத்தணுமா?" என்றார் மேஸ்திரி. "மானம் போயிடும்மா."

"பால்வண்டின்னு பேர் வெச்சுக்கிட்டு, இனிமே போறதுக்கு என்ன மானம் பாக்கி இருக்கு?" என்றார் முதலாளியம்மா. "கத்து."

முதல் பயிற்சியில் அவர் கத்தியதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஜாக்கிக்காரர் பிடியை இழுக்க மறந்து வண்டி அந்தரத்திலேயே நின்றது. சில மாலைகளில் சிரிப்பு வற்றிப்போய், சொல் மட்டும் மிஞ்சியது.

அடுத்த பந்தயத்துக்கு ஜாக்கிக்காரரின் மனைவியும் வந்தாள். ஷெட்டின் பின்னால் கட்டிய கயிற்றுக்கு அப்பால், முதலாளியம்மாவுக்கு அருகில் நின்றாள். தம்பியின் வண்டி உள்ளே வந்தபோது அவள் கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கணவன் குனிந்து தூக்குவதைப் பார்த்தாள். அதே மூலையில் கீச்சின் கை நழுவ, யாரோ "அதை விடு" என்பது அவள் காதில் தெளிவாகவே விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோதும் வண்டி மேலேயேதான் இருந்தது. கணவனின் முதுகு அசையவில்லை. பக்கத்து ஷெட்டிலிருந்து சிவப்பு வண்டி சீறிக்கொண்டு வெளியேறியது.

அவள் கயிற்றை விட்டாள். தோள்கள் தளர்ந்தன. முதலாளியம்மாவின் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, "என்னம்மா இது, பக்கத்து வண்டி போயே போயிடுச்சு, இவங்க இன்னும் ஆடி அசைஞ்சுக்கிட்டு இருக்காங்க" என்றாள்.