அக்காவின் டாங்கோ மாஸ்டர்

தோழிகளே, படித்ததும் கிழித்துவிடுங்கள். அம்மா பார்த்தால் தொலைந்தேன்.

கிழக்கேகோட்டை கிராமபோன் கடை மாடியில் அக்காவுக்கு டாங்கோ நடனம் சொல்லித்தரும் மாஸ்டர், அவளை அர்ஜென்டினாவுக்கு அழைத்துப்போகிறாராம். அங்கே பல வருடம் ஆடியவராம். எனக்கு நம்பிக்கையில்லை.

இன்று துணைக்குப் போனபோது கேட்டேன்.

"ஜூலையில அங்க எப்படி சார் இருக்கும்?"

"ஹோ, எந்தொரு சூடு! காட்டன் சாரி மதி, மோளே," என்றார் மலையாளத்தில். அவ்வளவு வெயிலாம், பருத்திச் சேலையே போதுமாம்.

ஜூலையில் அங்கே குளிர்காலம் என்று பூகோள வகுப்பில் படித்தோமே!

திரும்பும் வழியில் அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"அவரு அங்க போனதே இல்லன்னு எனக்கு அப்பமே தெரியும், கேட்டியா? ஆட்டம் நல்லாத் தெரியும்லா, அது போதும். கப்பல் ஏத்திவிடட்டும். பொறவு நான் தனியா ஆடிப் பொழைச்சுக்கிடுவேன்."

இப்போது மாஸ்டரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அக்காவைப் பார்த்தால்தான் பயம்.

அம்மாவிடம் சொல்லிவிடட்டுமா? நாளை வகுப்பில் சொல்லுங்கள்.