'லைட்'டுக்குப் பிரெஞ்சு கேட்டுத் தாராபுரம் போனேன்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: நான் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. அந்தத் தைரியத்தில்தான் போன வாரம் பிரெஞ்சு லேபிள் அச்சடிக்கும் ஆர்டரைப் பிடித்தேன். பனியன் லேபிளில் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை, 'லைட்'. அன்று சாயங்காலத்துக்குள் அதைப் பிரெஞ்சில் அச்சடித்துத் தர வேண்டும். என் போனைக் கேட்டால் 'லூமியேர்' என்றது. என்னோடு அச்சடிக்கும் மச்சான் அதை மிஷினில் ஏற்றப் போனான். எதற்கும் இருக்கட்டும் என்று, காரைக்காலில் பிரெஞ்சு படித்துத் தாராபுரத்தில் வாழ்க்கைப்பட்ட பாத்திமா டீச்சரிடம் போனில் கேட்டேன்.

"ஐயோ, அது வெளக்கு வெளிச்சமுங்க! நேர்ல வாங்க."

தூக்கிவாரிப்போட்டது. இருபதாயிரம் பனியனும் 'வெளிச்சம்' என்று பாரிசுக்குப் போயிருந்தால், ஆர்டர் கொடுத்த கம்பெனி வாசலை நான் மறுபடி மிதிக்க முடியுமா?

மச்சானுக்குக் கவலையே இல்லை. "உடுங்க மாமா, போட்டுக்கிட்டாக் கரண்ட் மிச்சமுங்களே!"

எங்கள் ஊர்க் கோவில்வழி பஸ் ஸ்டாண்டில் காலை ஒன்பதேகாலுக்குப் பஸ். ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். வலப்பக்கம் உட்காருங்கள், இடப்பக்கம் வெயில் வறுத்துவிடும்.

போனதும் டீச்சர் கேட்டார், "துணி எங்கங்க?"

"வார்த்தையக் கொண்டாந்திருக்கறனுங்க டீச்சர்."

"வார்த்தைய வெச்சு நான் என்னங்க பண்றது? வெளிர் நெறம்னா 'கிளேர்'. எடை கம்மின்னா 'லெஜே'. துணியப் பாக்காமச் சொல்ல மாட்டனுங்க."

அரண்டுபோனேன். பனியன் ஊரிலிருந்து பனியன் இல்லாமல் வந்திருக்கிறேன்! அப்புறம்தான் உறைத்தது. மிச்சமாகும் சாம்பிளை நாங்களே உடுத்திக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். சட்டைக்குள் இருந்தது அதே பனியன்தான். பக்கத்து அறைக்குள் போய்க் கழற்றி வந்தேன்.

"ஏனுங்க, தொவைக்கக் கொண்டாந்தீங்களா?" என்றார் டீச்சரின் வீட்டுக்காரர்.

"இஸ்திரியும் போட்டுக் குடுத்தீங்கன்னா நல்லதுங்க" என்றேன்.

டீச்சர் அதை ஜன்னலில் விரித்துப் பிடித்தார். வெளிர் மஞ்சள். அந்தப் பக்கம் அவர் விரல்கள் தெரிந்தன.

"நெறமும் வெளுப்பு, துணியும் லேசு. வேற கலர் உண்டுங்களா?"

"கறுப்பு இருக்குதுங்க."

"அதுக்கும் இதே லேபிளா?"

"ஆமாங்க."

"கறுப்பப் போயி வெளிர்னு சொல்ல முடியுமா? 'லெஜே'ன்னு போடுங்க."

அவர் எழுதித் தந்ததைப் படமெடுத்து மச்சானுக்கு அனுப்பினேன். மிஷின் ஓடியது. சாயங்காலம் லேபிளும் போய்ச் சேர்ந்தது. ஒரு வார்த்தைக்குள் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மொழிபெயர்க்கப் போகிறவர்கள் துணியைக் கையில் கொண்டுபோங்கள். பன்னிரண்டுக்குள் வேலையை முடித்துக் கிளம்பிவிடுங்கள், அப்புறம் வெயில் தாங்காது.

திரும்பும்போது பஸ்ஸில் எல்லாரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். பாதி வழியில், கொடுவாய் ஸ்டாப்பில் கண்டக்டர் குனிந்து, "சட்டைக்கு மேல பனியன் போட்டிருக்கறீங்க" என்றார். ஆமாம், போட்டிருந்தேன்.