ஐசக் தலைமாட்டுக் குருந்தக்கல்

லிபியா என்ற பெயரை நான் முதலில் கேட்டது தேன்கனிக்கோட்டையில், என் கொழுந்தன் ஜாக்சன் மகளின் ஞானஸ்நானத்தில். "அது ஒரு நாட்டுப் பேராச்சேடா!" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். "இருக்கட்டும்ணா, பெருசாவே வெப்போம்" என்றான் அவன்.

அந்தப் பெண் கல்லைப் பற்றியே படித்து, பெங்களூரில் ஓர் அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். எந்த மண்ணில் என்ன கல் இருக்கிறதென்று தேடிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற வேலை. பர்கூர்ப் பக்கம் குவாரியில் அவள் எடுத்த பச்சைப் படிகம் அங்கே இருக்கிறது. நம் பக்கத்துச் சிவப்புக் குருந்தம், மாணிக்க வகைக் கல், அது மட்டும் வருஷக்கணக்காகத் தேடியும் அகப்படவில்லை.

ஒரு கல்லறைத் திருநாளுக்கு முன்தினம், என் நாத்தனார் மேரிராணியின் கணவர் ஐசக்கின் கல்லறையைச் சுண்ணாம்பு அடிப்பதற்காகக் கழுவிக்கொண்டிருந்தோம். தலைமாட்டுக் கல்லில் பழைய சுண்ணாம்பு உரிந்திருந்தது. லிபியா வெயில் படாமல் கல்லைத் துப்பட்டாவால் மூடி, கல்லைச் சோதிக்கிற தன் சின்ன புற ஊதா டார்ச்சை அடித்துப் பார்த்தாள். கல்லுக்குள் கங்கு மாதிரி சிவந்தது.

"அத்தை, குருந்தம்! இதக் குடுங்க, மாமா பேரு போட்டே மியூசியத்துல வெக்கிறேன்."

"அவரு தலைமாட்டப் பேத்துக்கினு போவியா? போடி அந்தாண்ட!" என்று விரட்டினாள் மேரிராணி.

எங்களில் கல்லறைக் கல் சொந்தக் கொல்லை நிலத்திலிருந்துதான் வரும். அதை நம்பி லிபியா ஐசக்கின் கொல்லையை ஆள் வைத்துக் கிளறினாள். ஒன்றும் இல்லை.

"அது கொல்லைக் கல்லுன்னு யாருடி சொன்னா? மாமாகூட டிப்பர் ஓட்டுனவங்க ஆளுக்கொண்ணா கொண்டாந்து நட்டது" என்றாள் மேரிராணி.

"மொதல்லயே சொல்லக்கூடாதா அத்தை?"

"நீ எங்க கேட்ட? கடப்பாரையத் தூக்கிக்கினு ஓடுன. நல்லா உழுதாப்புல ஆச்சு, கொள்ளு வெதச்சுக்கிறேன்."

அந்தத் தலைமாட்டுக் கல்லை நட்டவர் எல்லப்பன் என்ற டிரைவர். "சூளகிரில கம்பெனிக்கு அஸ்திவாரம் தோண்டுனப்ப வந்ததும்மா. இப்ப மேல கட்டடம் நிக்குது" என்றார்.

லிபியா விடவில்லை. கம்பெனி வாசலில் செக்யூரிட்டி பலமுறை திருப்பி அனுப்பினான். கடைசியில் ஒரு மேலாளர் மதிலோரம் புதிதாய் வெட்டிய மழைநீர்க் கால்வாயைப் பார்க்க விட்டார். வெட்டுமண்ணின் நடுவே அதே கல் பட்டையாக ஓடியது. டார்ச் அடித்தாள். சிவந்தது.

அதில் ஒரு துண்டு சூளகிரி என்ற ஊர்ப்பெயரோடு பெட்டிக்குள் போனது. அடுத்த கல்லறைத் திருநாளில் ஐசக்கின் தலைமாட்டுக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தது லிபியாதான். மேரிராணி தூரிகையை அவள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

லிபியா இப்போதும் பெங்களூரில் அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறாள். கற்கள் பகுதி முழுவதும் அவள் பொறுப்பு.