அத்தையின் கேசட்டும் என் ஒயரும்

என் கல்யாணம் டிரம் சத்தத்தால் நின்றுபோக இருந்தது. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். இப்போது நானும்தான் சிரிக்கிறேன். அப்போது பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் நின்று மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன், காதில் இயர்போன் ஒயரை மாட்டிக்கொண்டே.

பொன்னேரி கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. வீடு காட்டூரில். காலேஜில் கூடப் படித்த ஒருத்தி என் போனில் ஏற்றிவிட்ட பாட்டுகளால் எனக்கு மெட்டல் இசைப் பைத்தியம் பிடித்தது. கிதார் இடிக்கும், டிரம் கொட்டித் தீர்க்கும், பாடுகிறவன் அடிவயிற்றிலிருந்து உறுமுவான். வீட்டில் அதற்கு மிக்ஸி என்று பெயர். "மிக்ஸிய நிறுத்திட்டு சாப்ட வாம்மா" என்பார் நைனா. எனக்கோ அதைக் கேட்டால்தான் சோறே இறங்கும்.

ஒருநாள் படகுக் காகிதங்களை நகல் எடுக்க லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். நான் தலையை ஆட்டி ஆட்டி மிஷினை ஓட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, கழுத்து வலியா?" என்றார். காதிலிருந்து ஒரு பக்க ஒயரைக் கழற்றி நீட்டினேன். அரை நிமிடம் கேட்டார். "நல்லா கீது" என்றார். பச்சைப் பொய். முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. அந்தப் பொய்க்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. அடுத்த வாரம் அதே காகிதங்களை மறுபடி நகல் எடுக்க வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். அந்தப் படகுக்கு இருக்கிற நகல்களை வைத்து ஒரு படகே கட்டியிருக்கலாம்.

கல்யாணப் பேச்சை எடுத்ததும் எங்கள் வீட்டில் நைனா இரண்டு நாள் உம்மென்று இருந்துவிட்டு மூன்றாம் நாள் சரி என்றார். மாப்பிள்ளை பக்கத்தில் அம்மா மட்டும்தான். அந்த அம்மா தலையை ஆட்டினால் போதும், தேதி குறித்துவிடலாம். நானே போய்ப் பார்க்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல சுடிதாராகப் பார்த்துப் போட்டுக்கொண்டு குப்பத்துக்குப் போனேன்.

அந்த அம்மா மணலில் வலையை விரித்து நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கவிழ்த்துவைத்த கூடையின்மேல் துருப்பிடித்த ஒரு டேப் ரெக்கார்டர். அதிலிருந்து கிதார் வந்துகொண்டிருந்தது. அதுவும் எப்படிப்பட்ட கிதார்! எழுபதுகளின் ராக். பாட்டை நிறுத்திவிட்டு கிதார்க்காரன் மட்டும் தனியாக ஊரைச் சுற்றிவிட்டுச் சாவகாசமாகத் திரும்பி வருகிற வகை. அந்த அம்மா அதைக் கேட்டபடியே காக்கையை விரட்டிக்கொண்டிருந்தார். நான் வந்த வேலையை மறந்து வாயைப் பிளந்து நின்றேன்.

"அத்தை, இது எங்க கெடச்சுது?"

"இன்னும் அத்தை ஆவல. அதுக்குள்ள இன்னா அத்தை?" என்றார். பிறகு பெருமை தாங்காமல் சொன்னார்: "எந்தம்பி கப்பல்ல சமையக்காரன். ஊரு ஊரா வாங்கியாந்து குடுத்தான். ஒரு பெட்டி கீது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமியார் வாய்ப்பதற்கு எத்தனையோ வகை உண்டு; ராக் கேட்கிற மாமியார் யாருக்கு வாய்ப்பார்? நாமெல்லாம் ஒரே கட்சி என்ற நினைப்பில், நல்லது செய்வதாக எண்ணி, என் போனை எடுத்து எனக்கு உயிரான பாட்டைப் போட்டுக்காட்டினேன். போன வருடம் வந்த பாட்டு, புதுப் புயல். முதல் உறுமல் வந்ததும் அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். பிடித்துவிட்டது, ஆட்களைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு கிண்ணத்தில் உருட்டிய சோற்றுடன் திரும்பி வந்தார்.

"தொண்டையில முள்ளு மாட்டிக்கீது அவனுக்கு. இத முழுங்கச் சொல்லு" என்று போனுக்கு நேரே நீட்டினார்.

கருவாடு அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் மணலில் விழுந்து புரண்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு இடம் பொருள் ஏவல் கிடையாது. உங்கள் ஆள் கிதாரை எடுத்தால் வைக்கமாட்டேன் என்கிறான், அந்த நேரத்தில் எங்கள் ஆட்கள் நாலு பாட்டு முடித்துவிடுவார்கள் என்றேன். "அவசரமா போயி இன்னா பண்ணப் போறானுங்க?" என்றார். எங்கள் டிரம்மர் ஒரு அடி பிசகமாட்டான் என்றேன். "பிசகினாத்தான் மனுசன். இல்லன்னா மிசினு" என்றார். பழைய ஆட்கள் ஏதோ வருத்தம் என்றால் வருத்தமாகப் பாடினார்கள், இவர்கள் எல்லாவற்றுக்கும் கத்துகிறார்கள் என்பது அவர் கட்சி. இந்தக் காலத்து வருத்தத்துக்குக் கத்தத்தான் வேண்டும் என்பது என் கட்சி. இத்தனைக்கும் அவருக்கும் பாட்டில் ஒரு வார்த்தை புரியாது. டிகிரி முடித்த எனக்கும் புரியாது.

கடைசியில் அவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"கோச்சிக்காத பொண்ணே. எம்புள்ள கடலுக்குப் போறவன். கரையில நிக்கறவளுக்குக் காதுதான் கண்ணு. படகு வர்றது தெரியறதுக்கு முன்ன சத்தம் வரும். எம்புள்ள இன்ஜின் எதுன்னு எனக்குத் தெரியும். இந்த இரைச்சல ஒயர் வச்சிக் காதுல அடைச்சிக்கினு கீற உனக்கு அது இன்னான்னு தெரியும்? உன்ன நம்பி எப்படிக் குடுப்பேன்?"

ஜாதகம், நகை, நிலம் எதையும் கேட்காமல் அந்த அம்மா என் காதைக் கேட்டார். அதற்குத்தான் அன்று பஸ் ஸ்டாண்டில் அழுதேன்.

அழுது முடித்ததும் ரோஷம் வந்தது. மாப்பிள்ளைக்குப் போன் செய்து, "உங்க இன்ஜின் சத்தத்த ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க" என்றேன். "எதுக்கு?" என்றார். "கேக்கறதுக்கு." காதலிக்கு என்னென்னவோ அனுப்புகிறார்கள். எனக்கு டீசல் இன்ஜின் சத்தம் வந்தது, தினமும் காலையில் ஒன்று. மெட்டலைக் கேட்டுக் கேட்டு ஊறிய காதுக்கு அது பெரிய விஷயமே இல்லை. மூன்றாவது நாளே கண்டுபிடித்துவிட்டேன்: அந்த இன்ஜின் ஏழு அடி ஒழுங்காக அடித்துவிட்டு எட்டாவதை லேசாக விழுங்கும். அந்தத் தாளத்தைக் கேட்டுக்கொண்டு பஸ்ஸில் நான் தலையாட்டியதைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் குப்பத்துக்குப் போவதை மட்டும் நான் விடவில்லை. சண்டை போடவாவது போனேன். ஒருநாள் அந்த அம்மாவின் கேசட் பாட்டு ஒன்று என் போனிலேயே கிடைத்தது. சுத்தமான பதிவு, ஒரு கரகரப்பு இல்லை. ஆசையாகப் போட்டேன். இரண்டு வரி கேட்டுவிட்டு, "இவன் வேற ஆளு" என்றார். அவருடைய டேப் நைந்துபோய் மெதுவாக ஓடியது. இத்தனை வருடமாக அந்தப் பாடகன் கனத்த குரலில் ஆற அமரப் பாடுகிறவன் என்றே அவர் நம்பியிருந்தார். "அவனேதான்" என்று சாதித்தேன். "அவனுக்கு இந்த வேகம் ஆவாது. மூச்சு வாங்கும்" என்றார் அக்கறையாக. எனக்கு வந்த சிரிப்பில் நெத்திலியின்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரித்தாரே தவிர, சரி என்று சொல்லவில்லை.

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. ஒரு ஞாயிறு காலை நேரமாகவே போய், "இன்னிக்கு நானும் நிக்கறேன். இன்ஜின் எதுன்னு நான் சொல்றேன். சொல்லிட்டா?" என்றேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நில்லு" என்றார். ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டேன். கருவாட்டுப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். கொண்டல் காற்று கடலிலிருந்து முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கடல்மேல் புகைபோல மூட்டம். படகு ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.

முதல் சத்தம் வந்தது. அவர், "இல்ல" என்றார். நானும் அதே நேரத்தில், "இல்ல" என்றேன். ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டோம். இரண்டாவது சத்தம். "இல்ல", "இல்ல." மூன்றாவது ஒன்று மாப்பிள்ளையின் இன்ஜினைப்போலவே இருந்தது, ஆனால் எட்டாவது அடியை விழுங்கவில்லை. "இல்ல" என்று நான் முந்தினேன். அவர் கொஞ்சம் பொறுத்து, "இல்லதான்" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பரீட்சையில் எல்லாக் கேள்வியும் தெரிந்த கேள்வியாக வந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. படகுகள் ஒவ்வொன்றாக மூட்டத்திலிருந்து வந்து மணலில் ஏறின. நாங்கள் இரண்டு பேரும் கோரஸாக இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். பெண்கள் சிரித்தார்கள்.

பிறகு சிரிப்பு நின்றது. சத்தமும் நின்றது. போன படகுகளில் இரண்டுதான் பாக்கி என்று யாரோ சொன்னார்கள். அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகினார். பரீட்சையாவது ஒன்றாவது, அவர் வந்தால் போதும் என்று இருந்தது. எப்போது அந்த அம்மாவின் கையைப் பிடித்தேன் என்று தெரியாது. அந்தக் கையெல்லாம் மீன் செதில்.

வெகுநேரம் கழித்து ஒரு சத்தம் வந்தது. மெதுவாக, கனமாக.

"இல்ல" என்றார் அம்மா. "இது அவன் இல்ல."

"இல்லதான்" என்றேன். ஆனால் என் காது அதை விடவில்லை. புது மெட்டலில் ஒரு வகை உண்டு. வேகமெல்லாம் போன பிறகு, கிதாரைத் தாழ இறக்கி, ஒவ்வொரு அடியையும் சேற்றிலிருந்து பிடுங்குவதுபோல் அடிப்பார்கள். அதைக் கேட்டவளுக்குத் தெரியும், மெதுவாகப் போவது வேறு, பாரம் சுமந்து போவது வேறு. இந்த இன்ஜின் மெதுவாக வரவில்லை. முழு மூச்சாக ஓடியும் நகர முடியாமல் வந்தது.

"அத்தை, அது எதையோ இழுத்துக்கினு வருது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். காற்று ஒருமுறை திரும்பி மறுபடி அடித்தது.

"ஆமா" என்றார். "இழுவ. இழுத்துக்கினுதான் வர்றான்."

மூட்டத்திலிருந்து முதலில் ஒரு படகு வந்தது. அதன் பின்னால் ஒரு கயிறு. கயிற்றின் முனையில், இன்ஜின் செத்துப்போய், ஒரு சத்தமும் இல்லாமல் எங்கள் ஆள் வந்தார், நின்றுகொண்டு, இளித்துக்கொண்டு. நான் சுடிதாரோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தேன். எப்போது இறங்கினேன் என்றும் தெரியாது. அம்மாவும் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். பயமெல்லாம் அவருக்குத் திட்டாக வெளியே வந்தது.

"ஏன்டா, ரெண்டு பொம்பளைங்க இங்க காத வச்சிக்கினு நிக்கறோம், நீ சத்தமில்லாம வர்றியே, அறிவு கீதா உனக்கு?"

கரைக்கு வந்து இரண்டு பேரும் கவிழ்த்த படகின்மேல் ஈரத்துணியோடு உட்கார்ந்தோம். எனக்கு அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தன. அவர் முந்தானையைப் பிழிந்தார். பிறகு மணலில் கிடந்த என் பையைக் காட்டினார்.

"அந்த ஒயரக் குடு."

ஒரு பக்கத்தை அவர் காதில் வைத்துவிட்டேன். மறுபக்கத்தை அவரே எடுத்து என் காதில் செருகினார். "உனக்கு ஒண்ணு போதும். இன்னொன்னு கடலுக்கு இருக்கட்டும்" என்றார். பாட்டு ஓடியது. டிரம், கிதார், உறுமல் எல்லாவற்றையும் முகத்தை அசைக்காமல் முழுசாகக் கேட்டார். முடிந்ததும் ஒயரைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

"வர்ற ஞாயித்துக்கெழம உங்க நைனாவக் கூட்டிக்கினு வா" என்றார். நாலடி நடந்து, நின்று திரும்பினார். "அத்தை சோறு ஆக்கி வைக்கறேன். அந்த முள்ளு மாட்டினவனுக்கும் சேத்து."