மாரிக்கண்ணு பங்குக்குப் பழம்

தொண்ணூற்றிரண்டில் எங்கள் தச்சநல்லூர்ப் பள்ளிக்கூடத்தில் நூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சத்துணவு சமைத்தவள் மாரிக்கண்ணு. நான் அங்கே மூன்றாம் வகுப்பு டீச்சர், வயது இருபத்துநாலு. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் கோபம்தான் வருகிறது. அதில் பாதி என் மேல்.

மில் வேலைக்குப் போன அவள் புருஷன் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். அவன் விட்டுப்போன சைக்கிளை அவள் விற்கவில்லை. முட்டி பெயர விழுந்து எழுந்து தானே ஓட்டப் பழகினாள். சாயங்கால எழுத்தறிவு வகுப்புக்குப் பெண்களைச் சேர்க்க நாங்கள் தெருத்தெருவாக அலைய வேண்டியிருந்தபோது, டீச்சர்மார் ஏழு பேருக்கும் சைக்கிள் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். பெரிய டீச்சர் வடிவம்மாளுக்கு ஐம்பது வயது. அவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு மாரிக்கண்ணு பதினைந்து நாள் மைதானத்தைச் சுற்றி ஓடினாள். விழப்போகும்போதெல்லாம் அவர் பிடித்தது அவள் தோளைத்தான். அப்போது அவள் சாதித் தீட்டு எதுவும் ஒட்டவில்லை.

அந்த மே மாதம் எட்டுப் பேரும் திருச்செந்தூர் வரை சைக்கிளில் போவதென்று முடிவானது. வழியில் ஊருக்கு ஊர் நின்று, பெண்கள் படிக்க வேண்டும் என்று பேச வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு யார் என்ன கொண்டுவருவது என்று நான்தான் எழுதினேன்.

"புளிச்சோறு நான் கிண்டியாரேன் டீச்சர். ரெண்டு நாளானாலும் கெடாது" என்றாள் மாரிக்கண்ணு.

வடிவம்மாள் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "நல்ல காரியத்துக்குப் போறோம். சொதி நான் வைக்கேன். மாரிக்கு என்னத்துக்குச் சிரமம்? அவ பழம் வாங்கியாரட்டும்."

சொதி என்பது தேங்காய்ப்பாலில் வைக்கும் குழம்பு. எங்கள் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் அது இல்லாமல் விருந்தே கிடையாது.

"தேங்காப்பாலு வெயில் தாங்காதே டீச்சர்."

"சொதி வைக்க நீ எனக்குச் சொல்லித்தாரியாக்கும்?"

உரித்துத் தின்னும் பழத்துக்குத் தீட்டில்லை. அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகள் தினமும் அவள் வடித்த சோற்றைச் சாப்பிடலாம், டீச்சர்மார் சாப்பிடக் கூடாது. நான் வாயில் கொழுக்கட்டையை அடைத்தவள் மாதிரி இருந்துகொண்டு, "மாரிக்கண்ணு - பழம்" என்று எழுதினேன்.

ஆழ்வார்திருநகரி தாண்டி, வாய்க்கால் ஓரத் தோப்பில் நாங்கள் இறங்கியபோது மணி ஒன்றரை. சைக்கிளில் இரண்டு பாத்திரம் கட்ட இடமில்லையென்று வடிவம்மாள் சோற்றையும் சொதியிலேயே பிசைந்து வந்திருந்தார். தூக்குவாளியைத் திறந்ததும் குப்பென்று புளித்த வாடை. எல்லாம் நுரைத்துப் போயிருந்தது. மிச்சம் உருளைக்கிழங்கு வறுவலும் இஞ்சிப் பச்சடியும். கண்ணுக்கு எட்டின தூரம் ஒரு கடை இல்லை.

மாரிக்கண்ணு தன் சைக்கிளிலிருந்து பெரிய பொட்டலம் ஒன்றை அவிழ்த்தாள். வாழையிலையில் கட்டிய புளிச்சோறு. நல்லெண்ணெய் மணத்தது. ஒருத்திக்குக் கட்டியதல்ல, எட்டுப் பேருக்குக் காணும். யாராவது கேட்பார்கள் என்று நம்பித்தான் விடியுமுன் எழுந்து கிண்டியிருக்கிறாள். முகமெல்லாம் சிரிப்பாக இலையைக் கிழித்து எங்கள் முன்னால் போட ஆரம்பித்தாள்.

வடிவம்மாள் பெருமூச்சு விட்டார். "வையி மாரி. ஆபத்துக்குப் பாவமில்லை."

மாரிக்கண்ணு கை அப்படியே நின்றது. போட்ட இலைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து, "ஏளா, சாப்பிட வாங்களா!" என்று கத்தினாள். அவர்கள் ஈரக்கையோடு வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவளும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய்க் கையை நீட்டினேன். "மாரி, எனக்கு ஒரு வாய் தா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பையிலிருந்து இரண்டு வாழைப்பழத்தைப் பிய்த்து என் கையில் வைத்தாள்.

"என் பங்குக்குப் பழம்னு எழுதுனது நீங்கதான, சின்ன டீச்சர்?"