நூறும் நூற்றொன்றும்

நகர மையமான கோட்டைப் பகுதியிலிருந்து நாங்கள் இருந்த வெள்ளவத்தைக்கு வரும் பஸ்களில் நூறாம் இலக்கம் அப்பாவுடையது, நூற்றொன்று அம்மாவுடையது. இருவருக்கும் கோட்டையில்தான் வேலை. இருந்தும் ஒரு நாளாவது சேர்ந்து வந்ததில்லை. எந்த பஸ்ஸில் எப்போது குண்டு வெடிக்கும் என்று தெரியாத காலம் அது. எனக்கு ஒன்பது வயது. குண்டு வெடித்தால் பள்ளிக்கூடம் பூட்டுவார்கள் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

ஏன் தனித்தனியே வருகிறீர்கள் என்று நான் நச்சரித்தபோது அப்பா அதை ஒரு போட்டியாக்கிவிட்டார். நூறு நல்ல தாராள மனம் படைத்த எண்ணாம். இரண்டு, நான்கு, ஐந்து, பத்து என்று யார் வகுக்க வந்தாலும் மீதமில்லாமல் இடம் கொடுக்குமாம். நூற்றொன்று முதன்மை எண். தன்னையும் ஒன்றையும் தவிர யாரையும் கிட்ட விடாது.

"உன்ரை அம்மா மாதிரி," என்றார்.

அம்மா அகப்பையைக் காட்டினார். நான் மூன்றாலும் ஏழாலும் வகுத்துப் பார்த்தேன். மீதம் வந்தது. அப்போதே அம்மாவின் கட்சியில் சேர்ந்துவிட்டேன். மாலையில் எங்களோடு இருந்த பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் தரிப்பில் நின்று, எந்த எண் முதலில் வருகிறது என்று பார்ப்பது என் உத்தியோகமாயிற்று.

வகுப்பில் பொதுக் காரணி படிப்பித்த அன்று நூற்றையும் நூற்றொன்றையும் எழுதிப் பார்த்தேன். பெரிய ஏமாற்றம். ஒன்றைத் தவிர இரண்டுக்கும் பொதுவாக எதுவுமில்லை. அப்பாவிடம் போய் முறையிட்டேன்.

"அந்த ஒண்டு காணும், பிள்ளை. அது போதும்," என்று அவர் என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். ஒன்று எல்லா எண்ணுக்குள்ளும்தானே போகிறது, அதில் என்ன பெருமை என்று நான் சண்டை பிடித்தேன்.

என் பிறந்தநாள் நெருங்கியது. என்ன வேண்டும் என்று கேட்டார்கள். இருவரும் ஒரே பஸ்ஸில் வரவேண்டும் என்றேன். அது மட்டும் வேண்டாம் என்றார்கள். சைக்கிள் வாங்கித் தருவதாகக்கூடச் சொன்னார்கள். நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். கடைசியில் அப்பாதான் இறங்கி வந்தார்.

"சரி, வாறம். உன்ரை நூற்றொண்டிலையே வாறம்."

பிறந்தநாள் மாலையில் நூற்றொன்று வந்தது. கேக் பெட்டியோடு அப்பா மட்டும் இறங்கினார்.

"அம்மா எங்கை?"

"பின்னாலை வாறா."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா என்னைச் சமாதானப்படுத்தவில்லை. வீட்டுக்கும் நடக்கவில்லை. பஸ்கள் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். கையில் கேக் பெட்டி சரிந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

பிறகு நூறு வந்தது. அதிலிருந்து அம்மா இறங்கினார். அம்மா, எதிர்க்கட்சி பஸ்ஸில்! இந்தப் புள்ளி யாருக்கு என்று கேட்க வாயெடுத்தேன். அம்மாவின் முகம் வியர்த்து வெளிறியிருந்தது.

"ஒண்டாத்தான் ஏறினனாங்கள். பாதி வழியிலை, கொள்ளுப்பிட்டியிலை நான் இறங்கீட்டன். என்னாலை இருக்க ஏலேல்லை," என்றார் என்னிடம். "குறை நினையாதை, ராசாத்தி."

பாவம், பஸ் ஓட்டத்தில் தலைசுற்றிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். பெரியம்மாவின் சந்தைப் பையைக் கிண்டி தேசிக்காய் என்று நாங்கள் சொல்லும் எலுமிச்சங்காய் ஒன்றை எடுத்து, மணந்து பாருங்கள், சரியாகிவிடும் என்று நீட்டினேன். அம்மா அதை மூக்கில் வைத்துக்கொண்டு, என்னைக் கட்டிப்பிடித்து, நடுத்தெருவென்றும் பாராமல் அழுதார்.

இரண்டு பேரில் ஒருவராவது எனக்கு மிஞ்ச வேண்டும் என்பதுதான் அவர்கள் நாள்தோறும் போட்ட கணக்கு என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. மறுநாள் முதல் அம்மாவின் கைப்பைக்குள் ஒரு தேசிக்காய் வைத்து அனுப்பத் தொடங்கினேன். அம்மா ஒரு நாளும் வேண்டாமென்று சொன்னதில்லை.