காணாமல் போகாத பிள்ளை

நான் இருக்கிற படங்களில் அதிகம் பேர் பார்த்த படத்தில் நான் வாயைப் பிளந்துகொண்டு அழுகிறேன். மூக்கு ஒழுகுகிறது. ஒரு காலில்தான் சப்பாத்து இருக்கிறது. முகம் கழுவி, பவுடர் போட்டு, ரிபன் கட்டி எனக்கு எத்தனையோ வடிவான படங்கள் எடுத்திருக்கிறார்கள். அவற்றை ஒரு நாயும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது நான் ஓர் ஆசிரியை. ஆனாலும் முல்லைத்தீவுச் சந்தையில் யாராவது என்னை மறித்து, "நீர் அந்தத் தண்ணிக்குள்ள நிண்டு குளறின பிள்ளையெல்லோ?" என்று கேட்பார்கள். பக்கத்தில் என் மாணவர்கள் நின்றாலும் கேட்பார்கள். என்ன செய்வது, ஓம் என்பேன்.

அந்தப் படத்தை எடுத்தவர் என் சித்தி, அம்மாவின் தங்கை. மீள்குடியேறி வந்த நாளிலிருந்து எங்களோடுதான் இருந்தார். சித்தப்பா வரவில்லை. சண்டை முடிந்த கையோடு, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சித்தியின் கண்முன்னால் கூட்டிப்போனவர்கள் அவரைத் திருப்பி அனுப்பவே இல்லை. கலியாணத்தன்று கோட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கும் சித்தப்பாவின் படம் சட்டம் போட்டு எங்கள் வீட்டு மாதா சுருவத்துக்குக் கீழே தொங்கியது. அடிக்கடி சித்தி அதைக் கழற்றித் துடைத்து, பஸ் ஏறிப் போய், தன்னைப் போன்ற தாய்மாரோடும் மனைவிமாரோடும் அரசாங்கக் கந்தோருக்கு முன்னால் றோட்டோரத்தில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வருவார். அப்பா கடலுக்குப் போவார், சித்தி படம் பிடிக்கப் போவார். இரண்டும் தொழில் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் கொக்கிளாய்ப் பக்கம். ஒரு புறம் கடல், மறு புறம் கடலோடு கலக்கும் களப்பு. பள்ளிக்கூடம் போகிற வழியில் சண்டைக்குள் உடைந்துபோன மதகு ஒன்று. கோடையில் மணலில் இறங்கி ஏறிவிடலாம். மாரியில் களப்பு பெருகி அந்தப் பள்ளத்தால்தான் கடலுக்கு ஓடும். அப்பாமார் கரையில் நின்றால் வள்ளத்தில் கடத்திவிடுவார்கள். தொழிலுக்குப் போய்விட்டால் தண்ணீரில் இறங்க வேண்டும், அல்லது வீட்டில் இருக்க வேண்டும். கந்தோரில் கேட்டால் ஒரே பதில்: வாற வருசம்.

அந்தப் படம் எடுத்த வருடம் என் அக்காவுக்கு சாதாரண தரச் சோதினை. சோதினையும் மார்கழியில்தான் வரும், வெள்ளமும் மார்கழியில்தான் வரும். முந்தின மார்கழியில் எதிர்வீட்டு அக்கா கணக்குப் பாடத்துக்குப் போக முடியாமல் கரையில் நின்று அழுதுவிட்டுத் திரும்பினார். தை பிறக்க அவருக்குக் கலியாணம் பேசிவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் அம்மா, அக்காவைப் பார்த்துப் பெருமூச்சு விடத் தொடங்கினார். சித்திக்கு அந்தப் பெருமூச்சைக் கேட்டாலே பத்திக்கொண்டு வரும்.

"சும்மா ஊதாதேங்கோ அக்கா. இவள் சோதினை எழுதுவாள். எழுத வைக்காமல் நான் விடமாட்டன்."

சுவிசில் இருக்கும் மாமா என் முதல் நன்மைக்கென்று அனுப்பிய சின்னக் கமரா ஒன்று அலுமாரிக்குள் இருந்தது. சித்தி அதைக் கையில் எடுத்தார். எடுத்தவர் சும்மா இருந்திருக்கலாம். ஞாயிறு பூசை முடிய, கோயில் வாசலில் நின்று எல்லோருக்கும் சொன்னார்: "நாளைக்குப் பிள்ளையள் தண்ணி கடக்கிறதைப் படம் எடுத்துக் கந்தோருக்குக் கொண்டு போகப்போறன்."

எங்கள் ஊரில் படம் என்றால் கலியாணம், திருநாள், முதல் நன்மை. விடிய எழும்பி உடுப்புகளை மினுக்கி, சப்பாத்துக்கு வெள்ளை அடித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, முகத்தில் பவுடரை அப்பி, ஊரில் இருந்த அத்தனை பிள்ளைகளையும் தாய்மார் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூடம் போகாத கைக்குழந்தைகளும் வந்தன. அப்பாமார் அன்றைக்குக் கடலுக்கே போகவில்லை. தோளில் தூக்கி எங்களை அக்கரையில் இறக்கினார்கள். "நனைஞ்சபடி நிண்டால் பாக்கிற சனம் என்ன நினைக்கும்?" என்றார் அம்மா. மற்ற நாட்களில் நாங்கள் இடுப்பளவு நனைந்து போனதைச் சனம் என்ன நினைத்ததோ தெரியாது. நாங்கள் வரிசையில் நின்று பல் தெரியச் சிரித்தோம். பின்னால் தண்ணீர் பளபளவென்று வடிவாக இருந்தது.

கந்தோரில் மதகுகளுக்குப் பொறுப்பான ஐயா அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல வடிவான படம் அம்மா. பிள்ளையள் சந்தோசமா இருக்கினம்" என்று சொல்லிக் கையில் தந்துவிட்டாராம். சித்தி வீட்டுக்கு வந்து அவரைப் போலவே தலையை ஆட்டிக் காட்டினார்.

"நான் வடிவா வந்திருக்கிறன்தானே?" என்றேன்.

"ஓமடி, வடிவாத்தான் வந்திருக்கிறாய். அதுதான் எங்களைக் கெடுத்தது."

அடுத்த முறை சித்தி ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. இரவிரவாக மழை அடித்து ஓய்ந்த ஒரு காலை. வள்ளங்கள் எல்லாம் கடலில். அக்கா என்னை முதுகில் ஏற்றி, புத்தகப் பைகளை ஒரு கையால் தலையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். நடுவில் தண்ணீர் அவர் நெஞ்சுக்கு வந்தது. என் ஒரு சப்பாத்து கழன்று கடலை நோக்கிப் போனது. வெள்ளை அடித்த சப்பாத்து! நான் ஊர் அதிரக் குளறினேன். அப்போதுதான் கண்டேன், எதிரே தண்ணீருக்குள் சித்தி, சொப்பிங் பையில் சுற்றிய கமராவோடு. கமராவைக் கண்டதும் அழுகையை நிறுத்திச் சிரிக்கத்தான் பார்த்தேன், பழக்கதோசம். அதற்குள் பொத்தானை அமத்திவிட்டார். அமத்திய கையோடு பையை வாயில் கவ்விக்கொண்டு பாய்ந்து வந்து எங்கள் இரண்டு பேரையும் கரைக்கு இழுத்தவரும் அவர்தான்.

படத்தைக் கண்ட அக்காவின் முகம் கறுத்துப்போனது. "சட்டையெல்லாம் ஒட்டிப்போய் நிக்கிறன். உதை ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ சித்தி."

"நீ வேண்டாமெண்டால் காட்டமாட்டன். உன்ர படம். நீ சொல்லு."

அக்கா படத்தைத் திரும்பவும் பார்த்தார். பிறகு, "சோதினைக்குப் போகலாமெண்டால் காட்டுங்கோ" என்றார். என்னை ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

படத்தைப் பெரிதாக்கிக் கொண்டு வந்தபோது அதற்குச் சட்டம் இல்லை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு சட்டம். சித்தி அதைக் கழற்றினார். சித்தப்பாவை வெளியே எடுக்கவில்லை. அவருக்கு முன்னால் எங்களை வைத்து, கண்ணாடியை மூடி, முந்தானையால் துடைத்தார்.

வெள்ளத்தால் பள்ளிக்கூடம் இல்லாததால் நானும் கூடப் போனேன். கந்தோர் வாசலில் சித்தி சட்டத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். பிடித்துக்கொண்டு நிற்கவும் ஒரு விதம் இருக்கிறது. முழங்கையை இடுப்போடு சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கை உளையும். சித்திக்கு அது கைவந்த கலை. உள்ளே போகிறவர்களுக்கும் சித்தியையும் சட்டத்தையும் பழக்கம். தூரத்தில் கண்டதுமே நிலத்தைப் பார்த்துக்கொண்டு விலகிப் போனார்கள். வடிவான படம் என்ற அந்த ஐயாவும் அப்படித்தான் போனார். போனவர் நின்றார். கண்ணாடிக்குள் இருந்தது கோட்டுப் போட்ட மனிதர் இல்லை என்று எப்படியோ கண்டுவிட்டார். திரும்பி வந்து குனிந்தார். குரல் இறங்கியிருந்தது.

"இது ஆர் பிள்ளையள்? எப்ப காணாமல் போனவை?"

"இன்னும் போகேல்லை ஐயா" என்றார் சித்தி. "போறதுக்கு முன்னம் வந்து நிக்கிறன்."

பின்னால் ஒளிந்து நின்ற என்னைப் பிடித்து முன்னால் விட்டார். ஐயா என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். சந்தேகம் தீர, அந்த நேரத்திலும் எனக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கடைசியில், "உள்ளுக்கு வாங்கோ அம்மா, இருந்து கதைப்பம்" என்றார்.

"கதைச்சது போதும் ஐயா. நீங்கள் வெளியால வாங்கோ. வந்து தண்ணியைப் பாருங்கோ."

வந்தார். காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு இறங்கினார், இடுப்பு வரை நனைந்து ஏறினார். அந்தக் கிழமையே உழவு இயந்திரங்கள் கிரவல் கொண்டு வந்து கொட்டின. பெரிய குழாய்கள் புதைத்தார்கள். அக்கா உலர்ந்த சப்பாத்தோடு நடந்து போய்ச் சோதினை எழுதினார். அடுத்த கோடையில் கொங்கிறீட் மதகே வந்துவிட்டது. படம் பேப்பரிலும் வந்தது, என் மானமும் அதோடு போனது. பிறகு அயலூர்களிலிருந்து சித்தியைக் கூட்டிப்போக ஆட்கள் வந்தார்கள். கூரையில்லாத வகுப்பு, உப்புக் கிணறு, மருந்து இல்லாத ஆசுப்பத்திரி. போகிற இடமெல்லாம் சித்தி முதலில் சொல்வது ஒன்றுதான்: "ஒருத்தரும் பவுடர் பூசி வெளிக்கிட்டுக்கொண்டு வராதேங்கோ."

மதகு திறந்து சில நாட்களில் சித்தி சட்டத்தைக் கழற்றி எங்கள் படத்தை வெளியே எடுத்தார். பின்னாலிருந்து சித்தப்பா சிரித்துக்கொண்டு வந்தார். எங்கே பிழை என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது.

"சித்தி, என்ர படத்தைக் காட்டினவுடன மதகு தந்தவை. சித்தப்பாவின்ர படத்தை எவ்வளவு காலமாக் காட்டுறீங்கள், ஏன் அவரைத் தரேல்லை தெரியுமோ? அவர் வெளிக்கிட்டுச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறார். அழுகிற படம் ஒண்டும் இல்லையோ?"

அம்மாவின் கை என் வாயில் விழுந்தது. சித்தி அந்தக் கையை விலக்கிவிட்டார். அவருக்குக் கோபமே வரவில்லை.

"இல்லைப் பிள்ளை. அவரைக் கொண்டு போகேக்க என்னட்டைக் கமரா இருக்கேல்லை."

அவ்வளவுதானா என்று எனக்குச் சமாதானமாகிவிட்டது. வெளியே தூறல். சித்தி சட்டத்தைச் சொப்பிங் பையில் சுற்றி, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, புது மதகால் பஸ்ஸுக்கு நடந்தார். அவருடைய கால் நனையவில்லை என்பதில் எனக்குச் சந்தோசம் தாங்காத புளுகம். அதைச் சொல்ல அம்மாவிடம் ஓடினேன். அம்மா ஏன் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார் என்பதுதான் விளங்கவில்லை.